படம் ஒரு வழி, ஒலி ஒரு வழி: ஹோம் தியேட்டரை நீங்களே இணைப்பது எப்படி?

எல்லாக் கருவிகளின் படத்தையும் ஒலியையும் வாங்கி, படத்தை டிவிக்கும் ஒலியை ஸ்பீக்கர்களுக்கும் அனுப்பும் ஏவி ரிசீவரின் பின்பக்கத்தை முதன்முதலில் பார்ப்பவர்கள் மிரண்டுபோவது இயல்புதான். வரிசை வரிசையாக ஓட்டைகள், திருகுகள், நிற வளையங்கள். கடையிலிருந்து ஆள் வந்து இணைத்துக் கொடுத்தாலும், செட்டாப் பாக்ஸ் மாற்றும்போதோ வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதோ எல்லாவற்றையும் கழற்றித்தான் ஆக வேண்டும். எது எங்கே இருந்தது என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதனால் ஒருமுறை நீங்களே இணைத்துப் பழகிவிடுங்கள். அந்த ஓட்டைகளில் முக்கால்வாசி உங்களுக்குத் தேவையே படாது.

இங்கே நான் எடுத்துக்கொள்ளும் அமைப்பு இது: ஒரு 4கே ஸ்மார்ட் டிவி, 5.1 ரிசீவர், ஐந்து ஸ்பீக்கர்கள், கனத்த அடித்தொனிக்கு மட்டும் ஒரு சப்வூஃபர் (5.1இல் புள்ளிக்குப் பின் வரும் ஒன்று இதுதான்), செட்டாப் பாக்ஸ், ஃபயர் ஸ்டிக், கூடவே ஒரு ப்ளூரே பிளேயரோ ப்ளேஸ்டேஷனோ. சவுண்ட்பார் வைத்திருப்பவர்களுக்கும் எச்டிஎம்ஐ (படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் கடத்தும் இணைப்பு) பற்றிச் சொல்வதெல்லாம் அப்படியே பொருந்தும்.

முதலில் தாள், பிறகுதான் வயர்

கேபிளைக் கையில் எடுக்கும் முன் ஒரு தாளில் எல்லாக் கருவிகளையும் கட்டம் கட்டமாக வரையுங்கள். இரண்டு நிறப் பேனாக்கள் எடுத்து, ஒன்றால் படம் போகும் வழியையும் மற்றதால் ஒலி போகும் வழியையும் கோடு போடுங்கள். படம் எங்கிருந்து கிளம்பினாலும் டிவியில் போய் முடிய வேண்டும். ஒலி எங்கிருந்து கிளம்பினாலும் ரிசீவரில் போய் முடிய வேண்டும். எந்தக் கருவியின் ஒலிக்கோடு ரிசீவரைத் தொடவில்லையோ, அந்தக் கருவி டிவியின் சின்ன ஸ்பீக்கரில் மட்டும்தான் பேசும். ஹோம் தியேட்டர் இணைப்பில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு கோடுகளையும் ஒன்றாக நினைப்பதால் வருபவை.

கோடு எப்போதும் 'அவுட்' என்று எழுதிய போர்ட்டில் தொடங்கி 'இன்' என்று எழுதிய போர்ட்டில் முடியும். இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ரிசீவரின் எச்டிஎம்ஐ அவுட்டிலிருந்து டிவியின் எச்டிஎம்ஐ இன்னுக்குப் போகும் கேபிளில் படம் டிவியை நோக்கிப் போகிறது. டிவியின் சொந்த ஆப்களில் ஓடும் படத்தின் ஒலியோ அதே கேபிள் வழியே ரிசீவருக்குத் திரும்பி வருகிறது. 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4இல் சேர்க்கப்பட்ட இந்த வசதிக்கு ஆர்க் என்று பெயர். டிவியின் எல்லா எச்டிஎம்ஐ போர்ட்டுகளிலும் இது இருக்காது. பெரும்பாலும் ஒன்றில்தான் ஏ, ஆர், சி என்ற மூன்று எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும். ரிசீவர் கேபிள் அந்தப் போர்ட்டில்தான் போக வேண்டும். டிவி சுவரோடு ஒட்டி மாட்டியிருந்தால் கழுத்தை வளைத்துக் கஷ்டப்படாதீர்கள். போன் கேமராவை இடுக்கில் நீட்டி ஒரு வீடியோ எடுத்தால் எழுத்துகள் தெளிவாகத் தெரியும்.

எல்லாவற்றையும் ரிசீவரில் செருகுவதா, டிவியில் செருகுவதா?

இரண்டு வழியும் உண்டு. என் பரிந்துரை முதல் வழி: செட்டாப் பாக்ஸ், ஃபயர் ஸ்டிக், ப்ளூரே எல்லாம் ரிசீவரின் எச்டிஎம்ஐ இன்புட்டுகளில், ரிசீவரிலிருந்து டிவிக்கு ஒரே ஒரு கேபிள். ஒலி நேராக ரிசீவரில் இறங்குகிறது, டிவி அதில் கைவைப்பதில்லை. இது சாதாரண விஷயம் இல்லை. சில டிவிகள் டிடிஎஸ் என்ற பல ஸ்பீக்கர் ஒலி வடிவத்தைக் கடத்துவதே இல்லை. பென்டிரைவை டிவியில் செருகிப் படம் போட்டால் படம் ஓடும், ஒலி வராது. அதே பென்டிரைவை, டிடிஎஸ் ஒலியை அப்படியே வெளியே அனுப்பக்கூடிய ஒரு பிளேயரில் போட்டு, பிளேயரை ரிசீவரில் செருகினால் ஒலி முழுமையாக வரும்.

இரண்டாவது வழி கைகொடுக்கும் இடங்கள் இரண்டு. ரிசீவர் பழையதாக இருந்து எச்டிசிபி 2.2 என்ற காப்புரிமைப் பூட்டு முறையை அறியாததாக இருந்தால், 4கே படம் அதன் வழியே போகாது. திரை கறுப்பாகும், அல்லது தரம் 1080க்கு இறங்கிவிடும். இன்னொன்று, 4கே தரத்தில் நொடிக்கு 120 ஃபிரேம் தரும் கேம் கன்சோல். அந்த வேகத்தைக் கடத்த ரிசீவரும் எச்டிஎம்ஐ 2.1 ரகமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கன்சோலை நேராக டிவியில் செருகி, ஒலியை மட்டும் ஆர்க் வழியே ரிசீவருக்குக் கொண்டுவாருங்கள். நல்ல ரிசீவரை இதற்காகத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

இ-ஆர்க் வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். 2017இல் அறிவிக்கப்பட்ட எச்டிஎம்ஐ 2.1உடன் வந்த மேம்பட்ட ஆர்க் அது. ஓடிடி ஆப்களில் வரும் டால்பி அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் கேட்கும்படி அமைத்த ஒலி), டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கிய வடிவத்தில்தான் வருகிறது. அதற்குப் பழைய ஆர்க் போதும். ப்ளூரே வட்டில் இருக்கும் டால்பி ட்ரூஎச்டி போன்ற, எதையும் இழக்காத ஒலிக்குத்தான் இ-ஆர்க் தேவை. அதுவும் பிளேயரை டிவியில் செருகினால் மட்டும். பிளேயரை நேராக ரிசீவரில் செருகிவிட்டால் இ-ஆர்க் பற்றிய கவலையே இல்லை. 'இ-ஆர்க் இருக்கிறது' என்பதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்கும் முன் இதை யோசியுங்கள்.

டிவியில் ஆர்க் இல்லையா? ஆப்டிகல் கேபிள் இருக்கிறது. 1983இல் தோஷிபா கொண்டுவந்த இந்த இணைப்பு இன்றும் உழைக்கிறது. ஸ்டீரியோவையும், சுருக்கிய 5.1 டால்பி டிஜிட்டலையும் டிடிஎஸ்ஸையும் இது கடத்தும். அட்மாஸ் இதில் வராது. கேபிள் முனையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைக் கழற்றிவிட்டுச் செருகுங்கள். டிவி ஆன் ஆனதும் மறுமுனையில் சிவப்பு ஒளி தெரிந்தால் கேபிள் நன்றாக இருக்கிறது.

கேபிள் வாங்கும்போது

எச்டிஎம்ஐ கேபிளில் தங்கமுலாம், துணிச்சுற்று என்பதற்கெல்லாம் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். உறையில் 'பிரீமியம் ஹைஸ்பீட்' என்று சான்று ஒட்டியிருந்தால் நொடிக்கு 18 கிகாபிட் வரை தாங்கும். 4கே படம் பார்க்க அது தாராளம். 120 ஃபிரேம் கேமுக்குத்தான் 48 கிகாபிட் தாங்கும் 'அல்ட்ரா ஹைஸ்பீட்' தேவை. ஐந்து மீட்டருக்கு மேல் போனால் சாதாரணச் செம்புக் கேபிளில் படம் விட்டுவிட்டு வரத் தொடங்கலாம். அத்தனை தூரத்துக்கு ஒளியிழை வைத்த எச்டிஎம்ஐ கேபிள் கிடைக்கிறது. அதற்குத் திசை உண்டு. ஒரு முனையில் 'சோர்ஸ்', மறுமுனையில் 'டிஸ்ப்ளே' என்று எழுதியிருக்கும். சுவருக்குள் ஓட்டும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிவி சுவரில் கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே எச்டிஎம்ஐயையும் ஸ்பீக்கர் வயரையும் போட எலக்ட்ரீஷியனை விடாதீர்கள். ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத தனிப் பைப் போடச் சொல்லி, உள்ளே ஒரு இழுவைக் கம்பியையும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். பத்து வருடத்தில் கேபிள் ரகம் மாறும், சுவரை உடைக்க வேண்டியிருக்காது.

ஸ்பீக்கர்கள்: பொறுமை வேண்டிய இடம்

வேலையைத் தொடங்கும் முன் எல்லாப் பிளக்குகளையும் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ரிசீவர் என்றால், பின்பக்க லேபிளில் வோல்ட் எவ்வளவு என்று முதலில் படியுங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகக் கூடாது. அதன் வாட்டுக்குப் போதுமான ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

இடம் பார்ப்போம். முன்பக்கம் இடது, வலது ஸ்பீக்கர்கள் நீங்கள் உட்காரும் இடத்தின் நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொன்றும் 22 முதல் 30 டிகிரி விலகி இருக்க வேண்டும். கோணமானி தேட வேண்டாம். சோபாவிலிருந்து ஸ்பீக்கர் எத்தனை அடியோ, ஏறக்குறைய அத்தனை அடி இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே இருந்தால் அது 30 டிகிரி. சென்டர் ஸ்பீக்கர் டிவிக்கு நேர் கீழே, முகம் உங்கள் காதை நோக்கிச் சற்றுத் தூக்கியபடி. வசனம் பெரும்பாலும் அதில்தான் வரும், அதனால் ஷெல்ஃபின் உள்ளே தள்ளி ஒளிக்காதீர்கள். சரவுண்ட் ஸ்பீக்கர்கள் (சுற்றுப்புற ஒலிக்கானவை) இரண்டும் பக்கவாட்டில், காதுக்குக் கொஞ்சம் பின்னால், 110 டிகிரி வாக்கில், காது மட்டத்துக்கு ஓரிரு அடி மேலே. நம் ஹால்களில் சோபா பின்சுவரை ஒட்டியே கிடக்கும். முடிந்தால் ஒன்றிரண்டு அடி முன்னே இழுங்கள். ஒரு பக்கம் டைனிங்கோடு திறந்திருக்கும் ஹால் என்றால் அந்தப் பக்கத்துக்கு ஒரு ஸ்டாண்டு வாங்குவதே நல்லது. கதவுக்கு மேலே, சீலிங்கை ஒட்டி மாட்டினால் சரவுண்ட் என்ற பெயர்தான் மிஞ்சும்.

வயர் கனம்: 8 ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) ஸ்பீக்கருக்கு 15 மீட்டர் வரை 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போதும். அதைத் தாண்டினாலோ ஸ்பீக்கர் 4 ஓம் ஆக இருந்தாலோ 2.5 வாங்குங்கள். செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர் சந்தையில் நிறைய உண்டு. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள்.

வயர் முனையில் அரை அங்குலத்துக்கு மட்டும் தோலை உரியுங்கள். இழைகளைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, ஒரு இழைகூட வெளியே நீட்டாதபடி இறுக்கமாக முறுக்குங்கள். இந்த இடத்தில் அவசரம் கூடவே கூடாது. மயிரிழை போல ஒரு செம்பு நூல் பிளஸ்ஸிலிருந்து பக்கத்து மைனஸ்ஸைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஷார்ட் ஆகி, ரிசீவர் ஆன் ஆன சில நொடிகளில் 'புரொடெக்ட்' என்று காட்டி அணைந்துவிடும். சில சமயம் அதோடு போய்விடவும் கூடும். பயமாக இருந்தால் பனானா பிளக் (வயர் முனையில் மாட்டும் செருகி) வாங்கி மாட்டுங்கள். இழை வெளியே தெரியாது, கழற்றி மாட்டுவதும் சுலபம்.

ரிசீவரின் சிவப்பு முனை ஸ்பீக்கரின் சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. வயரின் ஒரு பக்கத்தில் கோடோ எழுத்தோ நிறமோ இருக்கும். எந்தப் பக்கம் பிளஸ் என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டு ஐந்து ஸ்பீக்கருக்கும் அதையே பின்பற்றுங்கள். ஒன்று மட்டும் மாறினாலும் ஒலி வரும். ஆனால் அடித்தொனி மெலிந்து, பாட்டுக் குரல் நடுவில் நிற்காமல் எங்கோ மிதக்கும்.

சுவருக்குள் ஏற்கெனவே ஓட்டிய வயர்களில் எது எந்த ஸ்பீக்கருடையது என்று தெரியவில்லையா? ஒரு சாதாரண 1.5 வோல்ட் பென்டார்ச் செல் எடுங்கள். வயர்கள் ரிசீவரில் இணைக்கப்படாத நிலையில், ஒரு ஜோடியின் முனைகளைச் செல்லின் இரு பக்கமும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். எந்த ஸ்பீக்கர் 'டப்' என்கிறதோ அதுதான். உதவிக்கு ஒருவரை நிறுத்தி அதன் கூம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டதும் கூம்பு வெளியே தள்ளினால், செல்லின் பிளஸ் பக்கம் தொட்ட வயர்தான் ஸ்பீக்கரின் பிளஸ்.

சப்வூஃபருக்கு இவ்வளவு சிரமம் இல்லை. ரிசீவரில் 'சப் அவுட்' என்ற ஆர்சிஏ முனையிலிருந்து (நடுவில் ஒற்றை ஊசி உள்ள வட்டப் பிளக் செருகும் இடம்) ஒரே கேபிள், சப்வூஃபரின் 'எல்எஃப்இ' இன்புட்டுக்கு. அது இல்லாவிட்டால் இடது இன்புட்டுக்கு. சப்பின் வால்யூம் குமிழ் பாதியில், கிராஸ்ஓவர் குமிழ் (எந்த ஒலி வரை சப் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வெட்டுவது) கடைசி வரை. எங்கே வெட்ட வேண்டும் என்பதை ரிசீவர் பார்த்துக்கொள்ளும்.

இப்போது ஒவ்வொன்றாக உயிர் கொடுங்கள்

ரிசீவரின் எச்டிஎம்ஐ அவுட்டை டிவியின் ஆர்க் போர்ட்டில் செருகி, இரண்டையும் மட்டும் ஆன் செய்யுங்கள். டிவி ரிமோட்டால் ரிசீவரும் சேர்ந்து இயங்குவதற்கான சிஇசி வசதியை இரண்டிலும் இயக்குங்கள். ஆர்க் அதை நம்பித்தான் வேலை செய்யும். ஒவ்வொரு கம்பெனியும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். ரிசீவர் மெனுவில் 'எச்டிஎம்ஐ கன்ட்ரோல்', 'ஆர்க்' இரண்டையும் ஆன் செய்யுங்கள். பிறகு டிவியின் ஒலி மெனுவில் ஸ்பீக்கரை ரிசீவர் என்று மாற்றி, டிஜிட்டல் அவுட்டைப் 'பாஸ்த்ரூ' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' என்று வையுங்கள். அங்கே 'பிசிஎம்' என்று இருந்தால் பழைய ஆர்க்கிலும் ஆப்டிகலிலும் வெறும் ஸ்டீரியோதான் வரும். பின் ஸ்பீக்கர்கள் பேசவில்லை என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

டிவியின் ஆப் ஒன்றில் 5.1 என்று போட்ட படத்தை ஓட்டி, ரிசீவர் முகப்பில் டால்பி என்று காட்டுகிறதா எனப் பாருங்கள். காட்டினால் அடுத்து செட்டாப் பாக்ஸ், அதைச் சோதித்த பிறகு ஃபயர் ஸ்டிக், பிறகு பிளேயர். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் செருகினால், கோளாறு எதில் என்று கண்டுபிடிக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். செட்டாப் பாக்ஸின் ஆடியோ மெனுவையும் பாருங்கள். ஸ்டீரியோ என்று இருந்தால் டால்பிக்கு மாற்றுங்கள். பல சேனல்கள் ஸ்டீரியோவில்தான் ஒளிபரப்பாகின்றன. அவற்றுக்கு ரிசீவரில் 'டால்பி சரவுண்ட்' முறையைத் தேர்ந்தெடுத்தால் ஐந்துக்கும் பிரித்துத் தரும்.

எல்லாம் பேசத் தொடங்கியதும் பெட்டியில் வந்த மைக்கை எடுங்கள். டெனான், மரான்ட்ஸ் ரிசீவர்களில் ஆடிஸி, யமஹாவில் ஒய்பிஏஓ என்று பெயர் வேறு, வேலை ஒன்றுதான்: மைக் வழியே கேட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் ஒலி அளவையும் ரிசீவரே கணக்கிட்டுச் சரிசெய்யும். சோபாவில் காது இருக்கும் உயரத்தில் மைக்கை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஃபேன், ஏசி இரண்டையும் அணையுங்கள். சமையலறையில் குக்கர் இருந்தால் விசில் அடங்கும்வரை காத்திருங்கள். முடிந்ததும் ரிசீவர் என்ன எழுதி வைத்திருக்கிறது என்று பார்ப்பது அவசியம். முன் ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' என்று வைத்திருந்தால் 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். கனத்த ஒலி சப்புக்குப் போய்விடும், சின்ன ஸ்பீக்கர் திணறாது. சப்வூஃபரின் தூரம் உண்மையான தூரத்தைவிட அதிகமாகக் காட்டினால் திருத்தாதீர்கள். சப்புக்குள் இருக்கும் மின்சுற்றின் தாமதத்தையும் சேர்த்தே அது கணக்குப் போட்டிருக்கிறது.

மக்கர் செய்தால்

திரை கறுப்பாக இருந்து ஒலி மட்டும் வந்தால், முதலில் கேபிளை இரு முனையிலும் கழற்றிச் செருகுங்கள். பிறகு டிவியில் அந்தப் போர்ட்டின் சிக்னல் அமைப்பைப் பாருங்கள். சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்' என்று இருக்கும். பழைய ரிசீவரோ பழைய கேபிளோ இருந்தால் அதை அணைத்துப் பாருங்கள். நேற்று வரை வேலை செய்த ஆர்க் இன்று வேலை செய்யவில்லை என்றால் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிச் சில நிமிடம் விட்டு, டிவியை முதலிலும் ரிசீவரை அடுத்தும் ஆன் செய்யுங்கள்.

ஸ்பீக்கர்களில் 'ம்ம்ம்' என்று ஓயாத இரைச்சல் கேட்டால் செட்டாப் பாக்ஸில் வரும் கேபிள் டிவி வயரைக் கழற்றுங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி அதுதான், எர்த் இரண்டு வழியில் வருகிறது. அந்த வயரில் போடும் தனிமைப்படுத்தி எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். பிளக்கின் எர்த் பின்னை உடைத்தால் இரைச்சல் நிற்கும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அது உயிருக்கு ஆபத்து.

உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் என்றிருந்தால், எது முந்துகிறது என்று கவனியுங்கள். ஒலி முந்தினால் ரிசீவரில் 'ஆடியோ டிலே'யைப் பத்துப் பத்து மில்லிசெகண்டாகக் கூட்டுங்கள். செய்தி வாசிப்பவரின் முகத்தைப் பார்த்துச் சரிசெய்வது சுலபம். ஒலி பிந்தினால் அந்த வழியில் தீர்வு இல்லை. டிவியின் டிலே பூஜ்யத்தில் இருக்கிறதா எனப் பாருங்கள், அப்படியும் தீரவில்லை என்றால் அந்தக் கருவியை டிவியிலிருந்து கழற்றி நேராக ரிசீவரில் செருகுங்கள்.

அசெம்பிள்டு ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு

சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய, அல்லது ஊர் ரேடியோ கடையில் சொல்லிச் செய்த 5.1 ஆம்ப் இன்னும் எத்தனையோ வீடுகளில் நன்றாகப் பாடிக்கொண்டிருக்கிறது. அவற்றில் பலவற்றுக்கு எச்டிஎம்ஐ கிடையாது, ஆறு ஆர்சிஏ இன்புட்டுகள்தான். டிவியின் ஹெட்போன் ஜாக்கிலிருந்து வயர் இழுத்தால் கிடைப்பது ஸ்டீரியோ. உண்மையான 5.1 வேண்டுமென்றால் நடுவே ஒரு டிகோடர் பெட்டி வேண்டும். டிவியிலிருந்து ஆப்டிகலோ ஆர்க்கோ அதற்குள் போகும், அதிலிருந்து ஆறு ஆர்சிஏ வயர்கள் ஆம்புக்கு வரும். வாங்கும்போது டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் இரண்டையும் பிரிக்குமா என்று கேட்டு வாங்குங்கள். இந்தப் பெட்டிகளில் பல டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸை அறியாதவை. ஆகவே டிவியின் ஒலி அமைப்பை 'ஆட்டோ'வில் விடாமல் 'டால்பி டிஜிட்டல்' என்று குறிப்பாகத் தேர்ந்தெடுங்கள். ஆறு வயர்களில் சென்டரும் சப்பும் இடம் மாறுவதுதான் அடிக்கடி நடப்பது. வசனம் வூஃபருக்குள் முனகினால் அந்த இரண்டையும் மாற்றிச் செருகுங்கள்.